மேல ஐஸ், கீழ கறி

வணக்கம் நேயர்களே. கஸ்டாவஸ் ஸ்விஃப்ட், 1839-ல அமெரிக்காவுல கேப் காட் பக்கம் பொறந்தவரு. 14 வயசுலயே அண்ணனோட கறிக்கடையில வேலைக்குச் சேந்துட்டாரு, ரெண்டு வருஷம் கழிச்சு அப்பா குடுத்த காசுல ஒரு கிடாரி வாங்கி அறுத்து வீடு வீடா கொண்டுபோய் வித்தாரு, அப்படித்தான் தொழில் ஆரம்பிச்சுது.

1875-ல சிகாகோ வந்தாரு. அப்பல்லாம் அங்கேருந்து பாஸ்டன், நியூயார்க்குக்கு மாடு பெரும்பாலும் உசுரோடதான் ரயில்ல போகும். வழியெல்லாம் தீனி போடணும் தண்ணி காட்டணும், எடை குறையும், சிலது செத்தே போகும், அதுபோக ஒரு மாட்டுல பாதிக்கு மேல திங்க ஆகாத தோலும் எலும்பும் குடலும்தான், அதுக்கும் சேத்து ரயிலுக்கு வாடகை. அது அவரை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கறியை மட்டும் அனுப்பினா என்ன?

முன்னாடியே சிலபேர் செஞ்சு பாத்ததுதான். ஐஸ் பட்ட கறி நிறம் மாறிடும், கொக்கியில தொங்கவிட்டா வளைவுல ஆடி ஆடி பெட்டியே தடம் புரளும். ஆண்ட்ரூ சேஸ்னு ஒரு இன்ஜினியர் இவருக்காக ஒரு பெட்டி வடிவமைச்சாரு, ஐஸ் மேல, கறி கீழ நெருக்கமா. குளிர்ந்த காத்து கனமானது, தானா கீழ இறங்கும். மோட்டார் இல்ல, கரண்ட் இல்ல! இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனா பெரிய ரயில்வே கம்பெனிங்க முடியாதுன்னுட்டாங்க, அவங்க மாட்டுப் பெட்டியிலயும் பட்டியிலயும் பணத்தைக் கொட்டி வெச்சிருந்தாங்கல்ல. கனடா வழியா சுத்திப் போற கிராண்ட் டிரங்க் ரயில்வேக்கு மட்டும் மாட்டு வருமானம் குறைச்சல், அதனால அது ஒத்துக்கிச்சு. பெட்டிகளை இவரே காசு போட்டுச் செய்ய வெச்சாரு, வழிநெடுக ஐஸ் ரொப்ப நிலையங்களும் போட்டாரு, ஐஸ் குளிர்காலத்துல உறைஞ்ச ஏரியில வெட்டி எடுத்தது.

1885-ல ஸ்விஃப்ட் அண்ட் கம்பெனி பதிவாச்சு. கறி போக மிச்சத்தையும் அவரு வீணாக்கல, கொழுப்பு சோப்பாச்சு, எலும்பு பசையும் உரமும் ஆச்சு. கொழுப்பு வீணாகி ஆலைச் சாக்கடையில மிதக்குதான்னு அவரே போய் நின்னு பாப்பாராம்.

ஆனா அந்தக் கறி ஆலைக்குள்ள நின்னு வேலை பாத்தவங்களை விட்டுட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரல. தலைக்கு மேல தண்டவாளம், கொக்கியில மாடு நகர்ந்து வரும், ஒரு ஆளுக்கு ஒரே வெட்டு, ஈரத் தரையில நின்னு நாள் முழுக்க அதே வெட்டு. ஹென்றி ஃபோர்டு கார் பண்ணின வரிசைக்கு யோசனையே சிகாகோ கறி ஆலைங்கள்லேருந்து வந்ததுதான். 1903-ல ஸ்விஃப்ட் காலமானாரு. மறுவருஷமே அந்த ஊர் கறி ஆலைத் தொழிலாளிங்க கூலிக்காக ஸ்ட்ரைக்ல இறங்கி, ரெண்டு மாசம் தாக்குப்பிடிச்சு, ஒண்ணும் கிடைக்காம தோத்து வேலைக்குத் திரும்பினாங்க.