தோட்டா இல்லாத நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார், பழைய கேமரா, பழைய ரேடியோ என்று வாங்கிப் பழுது பார்க்கிறவர்கள் நிறைய பேர் உண்டு. நான் பழுது பார்ப்பது நாற்காலி. போர் விமானத்தின் எஜெக்‌ஷன் சீட். விமானம் இனித் தேறாது என்று ஆனதும் விமானியைத் தூக்கி வெளியே எறிகிற இருக்கை. "வீட்டில் போட்டு உட்காரவா?" என்று கேட்பார்கள். உட்கார இது லாயக்கே இல்லை. பிரித்துப் பார்ப்பதற்கு இதைப் போல ஒரு பொருள் கிடையாது.

ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது அடிப்படையில் ஒரு துப்பாக்கி. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த குழாய்கள், உள்ளே வெடிமருந்துத் தோட்டாக்கள். தலைப்பகுதியில் முதல் தோட்டா இருக்கும். குழாயின் பக்கவாட்டில் துணைத் தோட்டாக்கள். சிறு பாராசூட்டை இழுத்து எறிகிற குட்டித் துப்பாக்கியில் இன்னொன்று. பிற்கால சீட்டுகளில் அடியில் ராக்கெட்டே இருக்கும். இவை எல்லாவற்றையும் தகுதி பெற்றவர் அகற்றி, எழுத்தில் சான்று தந்த சீட்டைத்தான் தொட வேண்டும். சான்று இல்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

"சேஃப்டி பின் போட்டுத்தானே இருக்கிறது" என்று, சீட் தவறிக் கிளம்பாமல் தடுக்கச் செருகுகிற ஊசியைக் காட்டிச் சமாதானம் சொல்வார்கள். 2011 நவம்பர் 8 அன்று, பிரிட்டனின் ஸ்காம்ப்டன் விமானப்படைத் தளத்தில், ரெட் அரோஸ் என்கிற வான்சாகசக் குழுவின் விமானம் ஒன்று தரையில் நின்றுகொண்டிருந்தபோது சீட் வெடித்துக் கிளம்பியது. சீட்டைக் கிளப்புகிற கைப்பிடி இடம் பெயர்ந்திருந்தது. அந்த நிலையிலும் சேஃப்டி பின் உள்ளே போனதால், பார்ப்பதற்குப் பத்திரமாகத் தெரிந்தது. மேலே போன விமானிக்குப் பாராசூட்டும் விரியவில்லை. விடுபட வேண்டிய ஒரு கொக்கியின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தார்கள். அவர் இறந்துபோனார். நான் ஸ்பானரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த போல்ட் நினைவுக்கு வரும்.

இனி நாற்காலியின் கதை. ஆபத்தில் இதை முதலில் பயன்படுத்தித் தப்பியவர் ஜெர்மனியின் ஹெல்முட் ஷெங்க். 1942 ஜனவரியில், ஹைங்கல் 280 விமானத்திலிருந்து, அழுத்திய காற்றின் விசையால் வெளியேறினார். அதே ஆண்டு இங்கிலாந்தில், விமானம் தயாரித்துவந்த ஜேம்ஸ் மார்ட்டினின் கூட்டாளியான கேப்டன் வாலன்டைன் பேக்கர் சோதனைப் பறத்தலில் உயிரிழந்தார். அதன் பிறகு மார்ட்டினின் கவனம் விமானியின் உயிர்மேல் திரும்பியது. 1946 ஜூலை 24 அன்று அவருடைய ஊழியர் பெர்னார்ட் லிஞ்ச், மீட்டியர் ஜெட் விமானத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் தன்னைத்தானே வெடித்து எறிந்துகொண்டார். பிழைத்தார். அந்தக் காலத்து சீட்டில் வெளியே வந்த பின் பெல்ட்டைக் கழற்றுவதும் பாராசூட்டை விரிப்பதும் விமானியின் பாடு. மயக்கமானால் கதை முடிந்தது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வந்த தலைமுறை. மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் மார்க் 4 போன்றவை. எல்லா வேலையையும் சீட்டே செய்யும். ஆனால் உள்ளே மின்சாரம் இல்லை, கணினி இல்லை. கம்பியும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். அதனால் நடப்பது அத்தனையையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கலாம்.

தலைக்கு மேலே மஞ்சளும் கறுப்பும் வரிபோட்ட கைப்பிடி. அதை இழுத்தால் ஒரு திரை முகத்தை மூடிக்கொண்டு இறங்கும். காற்று முகத்தில் அறையாது. இழுக்கிற இழுப்பில் முதுகெலும்பும் நேராகும். அந்த இழுப்பு சியர் என்கிற சிறு இரும்புத் துண்டை உருவிவிட, ஊசி பாய்ந்து தோட்டாவை அடிக்கும். ஒரே வெடிப்பில் தூக்கினால் முதுகெலும்பு தாங்காது. அதனால்தான் முதல் தோட்டா மெல்லக் கிளப்ப, குழாய் நீள நீளத் துணைத் தோட்டாக்கள் பற்றிக்கொள்கின்றன. சீட் ஏறும்போதே கால்களைக் கயிறுகள் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடும். விமானத்தோடு பிணைந்த கம்பிகள் மற்ற சியர்களை உருவும். சுமார் அரை நொடியில் குட்டித் துப்பாக்கி வெடித்து, சிறு பாராசூட் வெளியே வரும்.

மற்றதற்கெல்லாம் பொறுப்பு நேரக் கருவி. மூடியைத் திறந்தால் பழைய அலாரம் கடிகாரத்தின் வயிற்றைப் போல இருக்கும். பக்கத்திலேயே காற்றழுத்தத்தை உணரும் ஒரு சிறு பெட்டி. பத்தாயிரம் அடிக்கு மேலே இருந்தால் அது சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவைக்கும். அங்கே குளிர், மூச்சுக்குக் காற்று போதாது, ஆகவே சீட்டோடு விழட்டும் என்று. கீழே வந்ததும் சக்கரம் ஓடி, பெல்ட்டுகளை விடுவித்து, பெரிய பாராசூட்டைச் சிறு பாராசூட் இழுக்கவிடும். அப்போதும் விமானி உடனே கழன்றுவிட மாட்டார். இரண்டு சிறு பட்டைகள் அவரை லேசாகப் பிடித்திருக்கும். பாராசூட் விரிந்து இழுத்த பிறகே விடும். இல்லையென்றால் கனத்த சீட் அவர்மேலேயே மோதும். இந்தப் பட்டையை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

சீரமைப்பில் அவசரம் வேண்டாம். பழைய பச்சை-மஞ்சள் பிரைமரில், அதாவது அடிப்பூச்சில், குரோமேட், போல்ட்டுகளின் முலாமில் காட்மியம் இருக்கலாம். இரண்டுமே நஞ்சு. உலர்வாக உப்புத்தாள் தேய்க்கவே கூடாது. நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசம் போட்டுத்தான். அலுமினியத்தில் இரும்பு போல்ட் உட்கார்ந்த இடத்தில் அரிப்பால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், முதலில் அங்கே பாருங்கள்.

சிலர் சீட் முழுவதையும் பளபளவென்று மெருகேற்றி, தோல் மெத்தை தைத்து, அலுவலக நாற்காலி ஆக்கிவிடுகிறார்கள். காசு அவர்களுடையது, எனக்கு வயிறு எரிகிறது. பராமரிப்பாளர் ஸ்டென்சிலில் அடித்த தேதி, பூட்ஸ் உரசி வெளுத்த விளிம்பு, மங்கிய நைலான் பட்டை, இவற்றை நான் அப்படியே விடுவேன். கிடைக்காத பாகத்தைப் புதிதாகக் கடைந்து வைத்தால், பின்பக்கம் 'புதிது' என்று பொறித்துவிடுவேன். நாளைக்கு இதைப் பிரிக்கிறவர் ஏமாறக் கூடாது.

"வேலை செய்யுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. பல்சக்கரம் ஓடும், பூட்டுகள் திறக்கும், கைப்பிடி இழுபடும். அதற்கு மேல் ஓட வைக்க ஆசைப்படுகிறவர் வேறு பொழுதுபோக்கைப் பார்க்கட்டும். உங்களுக்கும் ஆசை வந்திருந்தால், அந்த ரகத்தின் பராமரிப்புக் கையேட்டை முதலில் தேடிப் பிடியுங்கள். சீட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.