மான்செஸ்டரில் ஒரு வெள்ளிக்கிழமை

நேயர்களுக்கு வணக்கம். பங்க் என்ற முரட்டு ராக் இசை என்றதும் சிலிர்த்து நிற்கும் தலைமுடி, காதைப் பிளக்கும் கிட்டார், மேடையிலிருந்து வசவு, இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்த மேடையைவிட எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள்மேல்தான் ஆர்வம். அதிலும் ஒரு குறிப்பிட்ட கச்சேரிக்குப் போனவர்கள்மேல்.

1976 பிப்ரவரி. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் போல்டனில் படித்துக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் ஓர் இசைப் பத்திரிகையைப் புரட்டுகிறார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற புதுக் குழுவைப் பற்றி ஒரு சின்ன விமர்சனம். எங்களுக்கு இசையில் நாட்டமில்லை, அமளியில்தான் நாட்டம் என்று அந்தக் குழுவின் ஆள் ஒருவர் அதில் சொல்லியிருந்தார். இது போதாதா? காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய், கேட்டுவிட்டே வந்தார்கள். ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்று பிறகு பெயர் வாங்கியவர்கள் இவர்கள்.

கேட்டதோடு விடவில்லை. அந்தக் குழுவை மான்செஸ்டருக்கே வரவழைத்தார்கள். ஜூன் 4, வெள்ளிக்கிழமை, ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியில் இருந்த சின்ன அரங்கம், டிக்கெட் 50 பென்ஸ். தங்கள் பஸ்காக்ஸ் குழுவும் அன்று வாசிப்பதாக ஏற்பாடு. குழுவில் வாசிக்க ஆள் சேராததால் அது நடக்கவில்லை, வேறொரு குழுவை வைத்துச் சமாளித்தார்கள்.

வாசலில் நடந்த கூத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மெக்லாரன் தெருவில் நின்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்காகவோ காத்திருந்த ஸ்டீவ் டிகிள் என்ற இளைஞரைப் பார்த்து, நீங்கள் தேடும் ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று அழைத்துப்போய் ஷெல்லியிடம் விட்டார். ஆள் மாறிப்போச்சு! ஆனால் டிகிளும் ஷெல்லியும் பேசிப் பார்த்ததில், பஸ்காக்ஸுக்கு பேஸ் என்ற தாழ்சுருதி கிட்டார் வாசிக்க ஆள் கிடைத்துவிட்டது. அடுத்த மாதமே, ஜூலை 20, அதே அரங்கில் அவர்கள் மேடை ஏறினார்கள்.

சரி, கச்சேரி எப்படி? பிரமாதம் என்று சொல்ல முடியாது. வந்திருந்தவர்கள் சுமார் நாற்பது பேர். (நானும் அன்று அங்கே இருந்தேன் என்று பிற்பாடு சொன்னவர்களை எண்ணினால் அரங்கம் கொள்ளாது.) சால்ஃபோர்டிலிருந்து பள்ளிக்கால நண்பர்கள் பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் வந்திருந்தார்கள். ஒலி படு மோசம் என்று ஹுக்கே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்த மோசம்தான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. பல வருஷம் சாதகம் பண்ணினால்தான் மேடை என்றிருந்த காலத்தில், இவ்வளவுதானா, இதை நாமும் செய்யலாமே என்று தோன்றிவிட்டது. மறுநாளே ஹுக் ஒரு பேஸ் கிட்டார் வாங்கிவிட்டார். அந்த இருவரிடமிருந்து கிளம்பியதுதான் ஜாய் டிவிஷன் என்ற பேர்பெற்ற குழு.

இதை நான் நட்பின் கதையாகத்தான் பார்க்கிறேன். நாமும் செய்யலாமே என்ற நினைப்பு தனியாளுக்கும் வரும். பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறியும் போகும். பக்கத்தில் ஒருத்தன், சரி, எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டால்தான் காரியம் நடக்கும். பஸ்காக்ஸின் முதல் இசைத்தட்டும் அப்படித்தான். எந்த நிறுவனத்தின் தயவையும் எதிர்பார்க்காமல், தெரிந்தவர்களிடம் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1000 பிரதிகள்.

அதே கூட்டத்தில் மோரிஸி என்ற பதினேழு வயதுப் பையனும் இருந்தார். அவர் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்! நடுவே ஒரு குழுவில் கொஞ்ச காலம் பாடினாலும், அவருக்குச் சரியான ஜோடி அமைய ஆறு வருஷம் ஆயிற்று. 1982-இல் ஜானி மார் என்ற கிட்டார்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார், தி ஸ்மித்ஸ் என்ற குழு பிறந்தது. மார் அந்த வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்குப் போனவர் இல்லை. அன்று அவருக்கு வயது 12.