வெரிகோஸ் ஆபரேஷன் செய்த கால், பத்து வருஷம் கழித்து

[திரையில்: தொடை இடுக்கில் பழைய தழும்பு, கீழே முழங்காலருகே புடைத்த நரம்பு]

வெரிகோஸ் வெயினுக்கு, அதாவது கால் நரம்பு (ரத்தக்குழாய்) புடைத்துப்போவதற்கு, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சில வருஷம் கழித்து டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "உருவி எடுத்தாச்சே டாக்டர், மறுபடி எப்படி வந்துச்சு?"

வரும். இங்கிலாந்தின் குளோஸ்டரில் ஆபரேஷன் ஆனவர்களை 11 வருஷம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட கால்களில் நரம்பு திரும்பப் புடைத்திருந்தது. நரம்பைக் கட்டியதோடு நிறுத்தாமல் உருவியும் எடுத்தவர்களுக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டது மட்டும் குறைவு.

[திரையில்: கட்டிய இடத்தைத் தாண்டி மெல்லிய குழாய்கள் முளைக்கும் அனிமேஷன்]

காரணம் எப்போதும் டாக்டரின் கைத்தவறு என்று நினைத்துவிடாதீர்கள். தொடை இடுக்கில் கட்டிய இடத்தைச் சுற்றி உடம்பே முடி முடியாகப் புது ரத்தக்குழாய்களை முளைக்கவிட்டு, ரத்தம் கீழே திரும்பி வழியும் பழைய கசிவுக்கு மாற்றுப்பாதை போட்டுக்கொடுக்கும். அது போக, ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வு பழுதாகும் போக்கு அந்த ஒரு நரம்போடு முடிவதில்லை, இன்று நன்றாக இருக்கும் கிளை நாளைக்குப் பழுதாகலாம்.

லேசரில் நரம்பை உள்ளிருந்தே சுட்டு அடைப்பதால் இடுக்கில் இந்த முளைப்பு குறைவு, ஆனால் அடைத்தது சிலருக்குத் திறந்துகொள்ளும், இல்லையென்றால் பக்கத்துக் கிளை வீங்கும். பிரிட்டனில் 11 மருத்துவமனைகளில் 798 பேரை வைத்து லேசர், ஆபரேஷன், நுரை ஊசி (நுரை மருந்தைச் செலுத்தி நரம்பை அடைப்பது) மூன்றையும் ஒப்பிட்டார்கள். 5 வருஷம் கழித்து, கால் தொந்தரவோடு அன்றாடம் எப்படிப் போகிறது என்று கேட்டதில் நுரை ஊசிதான் பின்தங்கியது.

சரி, திரும்ப வருமென்றால் எதற்கு ஆபரேஷன்?

இந்த நரம்புக் கசிவால் வரும் கணுக்கால் புண்ணைப் பாருங்கள். ஈஷார் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 500 பேர், எல்லோருக்கும் அழுத்தக் கட்டு, பாதிப் பேருக்குக் கூடவே ஆபரேஷன். இருக்கிற புண் ஆறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆறிய புண் 4 வருஷத்தில் திரும்பியது கட்டு மட்டும் போட்டவர்களில் 56 சதவீதம், ஆபரேஷனும் ஆனவர்களில் 31. புடைப்பு தெரிகிறதா இல்லையா என்பதைவிட எனக்கு இந்தக் கணக்குதான் பெரிசு.

உருவி எடுத்தவர்களில் சிலருக்குக் கணுக்காலின் உள்பக்கம் மரத்துப்போன உணர்வு தங்கிவிடும், ஏனென்றால் முழங்காலுக்குக் கீழே தொடு உணர்வைக் கடத்தும் நரம்பு ஒன்று உருவி எடுக்கும் அந்த ரத்தக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், புடைப்பு மறுபடி தெரிந்தால் உடனே பழைய தழும்பைத் திறக்கவேண்டும் என்றில்லை. முதலில் நிற்கவைத்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள், பலருக்கு அந்தக் கிளைக்கு மட்டும் லேசரோ நுரை ஊசியோ போதும்.