மண்டபத்துக்கு முதல் அழைப்புப் பட்டியல்: மட்டக்களப்பில் நிகழ்ச்சிக்கு இடம் தேடுவது எப்படி?

[திரையில்: மட்டக்களப்பு காந்தி பூங்கா, வாவிக்கரை, காலை]

வணக்கம். வீட்டில் கல்யாணமோ, அரங்கேற்றமோ, நூல் வெளியீடோ முடிவானதும் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த மண்டபம்?" என்றுதான். அந்தக் கேள்வி கொஞ்சம் பொறுக்கட்டும். அழைக்கப்போகிறவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்த ஊரிலிருந்து வருவார், எப்படித் திரும்பிப் போவார் என்று எழுதுங்கள்.

[திரையில்: வாவியும் இரண்டு கரைகளும் தெரியும் வரைபடம்]

நம்முடைய மாவட்டத்தை வாவி இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கிழக்கே கடல் பக்கமுள்ள எழுவான்கரையில் பிரதான வீதி ஓடுகிறது, பஸ் கிடைக்கும். மேற்கே உள்ள படுவான்கரையில் அப்படி இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் வாவியைக் கடக்கத் துறையில் காத்து நிற்கும் நிலை போய்விட்டது. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு எழுவான்கரைக் கல்லடியில் சாப்பாடு பரிமாறத் தொடங்கினால், படுவான்கரை ஊர்களிலிருந்து வந்த பெரியம்மாவும் மாமாவும் பந்தியில் உட்காரமாட்டார்கள். கடைசி பஸ்ஸை நினைத்து, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். நிகழ்ச்சி பகலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களைக் கொண்டுபோய்விட ஒரு வாகனம் ஒழுங்கு செய்ய வேண்டும். மணமகள் மட்டக்களப்பு, மணமகன் கல்முனை என்றால் இடையில் களுவாஞ்சிகுடிப் பக்கம் தேடிப் பாருங்கள். இரு பக்கத்தாருக்கும் பயணம் குறையும்.

அடுத்தது அளவு. "500 பேர் இருக்கலாம்" என்று மண்டபக்காரர் சொன்னால், எப்படி இருக்கலாம் என்று கேளுங்கள்.

[திரையில்: 40 அடிக்கு 60 அடி மண்டபத்தின் கோட்டுப் படம்]

40 அடி அகலம், 60 அடி நீளம் என்றால் 2400 சதுர அடி. மேடைக்கும் முன்பக்கத்துக்கும் 400 போனால் மிச்சம் 2000. கதிரைகளை வரிசையாகப் போட்டால், நடுவில் நடக்கும் வழியையும் சேர்த்து ஒருவருக்கு ஏறக்குறைய 8 சதுர அடி வேண்டும். 250 பேர் வசதியாக இருக்கலாம். அதே இடத்தில் வட்ட மேசை போட்டுச் சாப்பாடு கொடுப்பதென்றால் ஒருவருக்கு 12 சதுர அடியாவது வேண்டும். அப்போது 160 பேரே தாராளம். மண்டபம் அதே மண்டபம்தான், பயன்பாடு மாறியதும் 90 பேர் வெளியில் நிற்கிறார்கள். அதனால் ஒரு அளவு நாடாவைக் கையோடு கொண்டு போங்கள். கேட்க வெட்கமாக இருந்தாலும் அளந்தே பாருங்கள்.

இலக்கிய நிகழ்ச்சி வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். பேச்சு கேட்காத மண்டபம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தரையில் டைல்ஸ், சுவரெல்லாம் சீமெந்து, திரைச்சீலை ஒன்றுகூட இல்லை என்றால் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய சத்தம் இழுபட்டு நீண்டால் எச்சரிக்கையாக இருங்கள். ஆட்கள் நிறைந்தால் எதிரொலி ஓரளவு அடங்கும். ஆனால் நூல் வெளியீட்டுக்கு மண்டபம் நிறைவது எப்போதும் நடப்பதில்லை. 80 பேர் வரும் கூட்டத்துக்கு ஒரு பாடசாலையின் சிறிய மண்டபம் போதும். அதிலே பேச்சாளரின் முகமும் தெரியும், பின்வரிசையிலிருந்து வரும் கேள்வியும் கேட்கும்.

[திரையில்: கூத்துக் களரி, சுற்றிலும் சனம்]

கூத்துக்கு வேறு கணக்கு. கூத்தின் இரு வகைகளான வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரியில் ஆடப்பட்டவை. நாலு பக்கமும் சனம் இருக்கும், நடுவில் ஆட்டம் நடக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்கு ஏற்றபடி சுருக்கிச் செப்பனிட்டார். அப்படி அமைந்த கூத்துக்கு மண்டபம் பொருந்தும். விடியவிடிய ஆடும் ஊர்க்கூத்தை ஒடுங்கிய மேடையில் ஏற்றினால் ஆட்டக்காரர் கால் வைக்க இடமின்றித் தவிப்பார். கோயில் வெளியோ பாடசாலை மைதானமோ கேளுங்கள். வெளியில் ஒலிபெருக்கி கட்டப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மைதானம் என்றதும் காற்றும் மழையும் வருகின்றன. நம்முடைய மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசி தொடக்கம் ஜனவரி வரை கொட்டுகிறது. 2011 ஜனவரி வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதங்களில் திறந்த பந்தலை நம்ப வேண்டாம். தகரக் கூரை மண்டபமும் கவனம், பெருமழை தொடங்கினால் ஐயர் சொல்லும் மந்திரம் மணவறைக்குள்ளேயே கேட்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பந்தல் துணி நிற்காது, புழுதி சோற்றில் விழும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் மின்விசிறிகளையும் இழுக்குமா, மைக்கை மட்டுமா என்று போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: கோயில் மண்டபம் என்றால் அநேகமாகச் சைவம் மட்டுமே. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் நண்பர்களை அழைத்திருந்தால் அவர்களுக்கு ஹலால் சாப்பாடு எங்கிருந்து வரும், எந்தப் பாத்திரத்தில் பரிமாறுவது என்று முதலே பேசுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் பந்தி வைத்தால் அவர்களால் வர முடியாது.

[திரையில்: மண்டப வாசல், படிகள்]

போய்ப் பார்ப்பதும் நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்திலேயே இருக்கட்டும். பிற்பகல் மூன்று மணி வெயில் மேடையில் இருப்பவர் கண்ணில் விழுகிறதா என்பது காலையில் தெரியாது. வாசலில் எத்தனை படி, கைபிடி இருக்கிறதா, மலசலகூடத்துக்குள் சக்கர நாற்காலி திரும்புமா? வீட்டில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய முழங்கால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

பிடித்திருந்தால் முற்பணம் கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் திகதி, தொடங்கும் முடியும் நேரம், முதல்நாள் அலங்காரத்துக்குத் திறப்பு எப்போது கிடைக்கும், துப்புரவுக் காசு யார் பொறுப்பு, நிகழ்ச்சி தள்ளிப்போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். மார்கழியில் கல்யாணம் வைக்காத குடும்பங்கள் எல்லாம் தையைத்தான் பார்த்திருக்கும். தை முகூர்த்தத்துக்கு ஆவணியிலேயே தேடத் தொடங்குங்கள்.