பந்து இல்லாதவன் திறக்கும் வழி

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, மைதானத்திலிருந்து நேராக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

"கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளி குவிப்பது பந்தை வைத்திருப்பவனின் திறமையா, பந்தில்லாதவர்களின் ஓட்டமா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், "பந்து யாரிடமோ, ஆட்டம் அவனிடம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஐயா, களத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர், பந்து ஒன்றுதான். மற்ற நான்கு பேரும் வேடிக்கை பார்க்கவா நிற்கிறார்கள்?

2007-08 சீசனில் அமெரிக்காவின் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்கு ஆடிய ஸ்டீபன் கரி, தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளிக் கூடைகள் 162 போட்டார். அந்நாட்டுக் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் அதற்குமுன் ஒரே சீசனில் யாரும் அத்தனை போட்டதில்லை. ஆனால் அந்த அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். கரி வெறுங்கையோடு, காவலனின் வழியை அடைத்துத் தோழர்கள் நிற்கும் மறைப்புகளைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தார். "ரிச்சர்ட்ஸ் பாஸ் கொடுத்ததால்தானே?" என்பீர்கள். உண்மை. ஆனால் வாங்குகிறவன் தன்னைத் தடுக்கும் எதிரணிக் காவலனை உதறிவிட்டு வராவிட்டால் அந்தப் பாஸ் எங்கே போகும்?

ஸ்கிரீன் என்று நாம் சொல்லும் மறைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். உயரமான ஒருவன் கால்களை அகட்டி, கைகளை மார்போடு சேர்த்து, அசையாமல் நிற்கிறான். அசைந்து மோதினால் ஃபவுல். ஷூட்டர் அவன் தோளை உரசிக்கொண்டு வளைகிறான். இடையில் ஒரு விரல் நுழையும் இடம் இருந்தாலும் காவலன் புகுந்துவிடுவான். காவலன் பின்னாலேயே துரத்தினால் கூடையை நோக்கி வளைய வேண்டும். மறைப்புக்குப் பின்னால், கூடைப் பக்கமாகக் குறுக்கு வழி பிடித்தால், விலகி வெளியே போய் எறிய வேண்டும். முந்திக்கொண்டு வழி மறித்தால், சட்டென்று திரும்பிக் கூடைக்கடியில் ஓட வேண்டும். பந்து கைக்கு வருவதற்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது. ஷூட்டருக்குப் பயந்து இரண்டு பேர் ஓடினால், மறைத்து நின்றவனே கூடைக்கடியில் தனியாக நிற்பான்!

ஆனால் எறியத் தெரியாதவனுக்கு இட்ட மறைப்பு வீண். காவலன் அவனைத் துரத்தாமல் கூடைக்கடியிலேயே காத்திருப்பான். மறைப்பும் எறிதலும் சேர்ந்தால்தான் எதிரணியின் தடுப்பு விரியும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மலை விலகி நிற்கிற பாலக்காட்டுக் கணவாயில்தானே காற்று புகுந்து வருகிறது! (அந்த ஆடிக்காற்றில் திறந்த மைதானத்தில் எறிந்து பழகியவர்களுக்குத் தெரியும், காலை ஊன்றி நின்று எறிய ஒரு நொடி கிடைப்பது எவ்வளவு பெரிய வரம் என்று.)

கணக்கும் எங்கள் பக்கம்தான். மூன்று புள்ளித் தூரத்திலிருந்து பத்துக்கு நான்கு விழுந்தால் 12 புள்ளி. இரண்டு புள்ளியே கிடைக்கும் கிட்டத்திலிருந்து பத்துக்கு ஐந்து விழுந்தாலும் 10தான். ஆனால் அந்த நான்கு விழ வேண்டுமானால் முகத்துக்கு நேரே காவலனின் கை இருக்கக் கூடாது.

அதே 2008-ல் தேசியக் கல்லூரிப் போட்டியில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்ற டேவிட்சன், கேன்சஸ் பல்கலைக்கழக அணியிடம் 59-57 என்று தோற்றது. கடைசி நொடிகளில் பந்து எங்கே இருந்தது தெரியுமா? கரியின் கையில்! இரண்டு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எறிய வழியில்லாமல் ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார்; அவர் எறிந்தது விழவில்லை. ஆண்டு முழுவதும் பந்தில்லாமல் ஓடி எதிரணிகளைக் கலங்கடித்தவரைப் பந்து கையில் இருந்தபோது அடைத்துவிட்டார்கள்.

கோவையில் நான் படித்தபோது எங்கள் அணியில் வேலந்தாவளம் பக்கத்துத் தோழன் ஒருவன் இருந்தான். மூன்று ஆண்டுகளும் எனக்காக மறைப்பு இட்டான். ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றினால் விலாவில் நீலம் பாரித்திருக்கும். என் கூடைகள் அத்தனையும் ஸ்கோர் தாளில் ஏறின. அவன் இட்ட மறைப்புகளை எழுத அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. நடுவர் அவர்களே, அவன் இன்று இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறான்.