நெய் வெறும் தொன்னைதான், நடுவர் அவர்களே!

(பட்டிமன்றத் தலைப்பு: விஷத்துக்கு ஆயுர்வேதம் சொன்ன மருந்துநெய் இன்றும் உயிர் காக்குமா, ஏட்டில் இருக்க வேண்டியதா? ‘ஏட்டில் இருக்கட்டும்’ அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் நெய்யைப் பற்றிக் கேட்க உட்கார்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் மூன்று சங்கதிகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆயுர்வேதத்தின் பழைய ஆசிரியர்களான சரகரும் சுசுருதரும் நெய்யை நஞ்சுமுறிவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒன்று. அவருடைய தாத்தாவைப் பாம்பு கடித்தபோது வைத்தியர் புகட்டிய மருந்துநெய்தான் அவரைப் பிழைக்க வைத்தது என்பது அடுத்தது. கடைசியாக, இன்றைய ஆஸ்பத்திரியிலேயே சில விஷங்களுக்குக் கொழுப்பு ஏற்றுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு கொக்கி. கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். தாத்தா பிழைத்தாரே, அந்தச் சந்தோஷத்துக்காக.

சரகர் சொன்னார், சுசுருதர் சொன்னார் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளில் ஒன்றே நஞ்சு மருத்துவம்தான். அகத தந்திரம் என்று பெயர். இன்றைக்கும் ஆயுர்வேதக் கல்லூரிகளில் அது பாடம். அதில் நெய்யை ஏன் எடுத்தார்கள் என்பதை எதிரணி சொல்லவில்லை. அவர்கள் விட்டதை நானே சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே அழகான யோசனை.

நஞ்சுக்குப் பத்துக் குணம் என்று சரக சம்ஹிதை கணக்கிடுகிறது. லேசானது, வறண்டது, சூடானது, கூரானது, நுண்ணியது, உடம்பெங்கும் சட்டென்று பரவுவது என்று போகும் அந்த வரிசை. உடம்பின் சாரமான ஓஜஸுக்கும் பத்துக் குணம். கனம், குளிர்ச்சி, மென்மை, இனிப்பு, வழவழப்பு, நெய்ப்பசை என்று எல்லாமே நஞ்சுக்கு நேர் எதிர். அந்த ஓஜஸின் இருப்பிடம் இதயம். நஞ்சு இதயத்தை நோக்கி வருகிறது; ஓஜஸின் குணங்களைக் கொண்ட பொருளைக் கொடுத்து இதயத்துக்கு ஓர் உறை போடு என்றார்கள். ஹிருதயாவரணம் என்று அதற்குப் பெயர். நெய் அங்கேதான் உள்ளே வருகிறது.

நுண்ணோக்கி இல்லாத காலத்தில், கண்ணால் பார்த்ததையும் நாக்கால் சுவைத்ததையும் வைத்து இப்படி ஒரு தர்க்கம் கட்டியவர்களுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் தர்க்கம் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு அதைப் புகட்ட முடியுமா?

சரி, சரகரை நீங்கள் சாட்சிக்கு அழைத்தீர்கள். நான் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறேன். அவர் நூலின் சிகிச்சைப் பகுதியான சிகிச்சா ஸ்தானம், 23-ஆம் அத்தியாயம். விஷத்துக்கு அங்கே 24 வழிகள் சொல்கிறார். மந்திரம், கட்டுப்போடுதல், கீறுதல், உறிஞ்சுதல், சூடு வைத்தல், வாந்தி, பேதி, மூக்கில் மருந்து, புகை, பற்று என்று நீளும் அந்தப் பட்டியலில் இதயக் காப்பு ஒரே ஓர் உருப்படி. அந்த இதயக் காப்புக்கு எதைக் குடிப்பது? எது கையில் கிடைக்கிறதோ அது என்கிறார். தேன், நெய், மஜ்ஜை, பால், காவிக்கல். அப்புறம் சாணச்சாறு, சாம்பல், மண்.

எதிரணி நண்பர்களே, இந்த வரிசையில் நெய்யை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு சாணச்சாற்றை எங்கே விட்டீர்கள்? இரண்டையும் சொன்னவர் ஒரே ஆசிரியர்தானே? நெய் மணக்கிறது, சாணம் மணக்கவில்லை, அவ்வளவுதான் காரணம் என்றால் இது மருத்துவமா, பந்தி விசாரிப்பா?

இன்னொன்று. அந்த 24 வழிகளில் கட்டு, கீறல், உறிஞ்சல் மூன்றையும் பாம்புக்கடிக்குச் செய்யவே கூடாது என்று இன்றைய முதலுதவி சொல்கிறது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகலாம். கீறினால், ரத்தம் உறையாமல் போன உடம்பில் அந்தக் காயமே எமன். அன்றைய அறிவுக்கு எட்டியதைச் செய்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றைத் திருத்திக்கொண்ட நாம் நாலாவதை மட்டும் தொடக்கூடாதாமா?

அடுத்து, அம்மையார் குரலை உயர்த்திச் சொன்ன அஜேய கிருதம் என்ற மருந்துநெய். அஜேயம் என்றால் வெல்ல முடியாதது. பெயரைக் கேட்டாலே கைதட்டத் தோன்றுகிறது. அது சுசுருத சம்ஹிதையில் நஞ்சைப் பற்றிய பகுதியான கல்ப ஸ்தானம், இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அந்த அத்தியாயம் வேர், இலை, பால், கனிமம் போன்ற அசையாப் பொருள்களின் நஞ்சைப் பற்றியது. பாம்புக்குத் தனி அத்தியாயங்கள் வைத்திருக்கிறார் சுசுருதர். எல்லா விஷத்தையும் போக்கும் என்று அந்த நெய்க்கு ஒரு புகழ்மொழி அங்கே உண்டு, மறைக்கவில்லை. எல்லா மருந்துக்கும் பழைய நூல்களில் அப்படி ஒரு புகழ்மொழி இருக்கும். இன்றைய விளம்பரத்தில் இருப்பது போலத்தான்.

அதில் என்னென்ன சேர்கிறது? அதிமதுரம், தகரம், கோஷ்டம், தேவதாரு, வாய்விடங்கம், சந்தனம், இருவகை மஞ்சள், நன்னாரி, இன்னும் பல. மருந்துநெய் காய்ச்சும் பொதுக்கணக்கு ஒன்று, நான்கு, பதினாறு. கால் கிலோ மூலிகை விழுது, ஒரு கிலோ நெய், நான்கு கிலோ கஷாயம். நீர் வற்றி, விழுது திரிபோல் உருளும் பதம் வரும்வரை மெதுவாகக் காய்ச்ச வேண்டும். ஒரே நாளில் அவசரமாக முடிக்கக்கூடாது என்றும் சொல்கிறார்கள். பக்குவம் தெரிந்த கைக்குத்தான் அது வரும்.

இப்போது யோசியுங்கள். ஒரு பங்கு மூலிகையின் சாரத்தை நான்கு பங்கு நெய்யில் இறக்குகிறார்கள். தன் குணத்தை விடாமல், போட்ட மூலிகையின் குணத்தையும் நெய் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் ஆயுர்வேதம் நெய்க்குக் கொடுக்கும் தனி மரியாதை. அப்படியானால் நெய் இங்கே என்ன வேலை பார்க்கிறது? சுமக்கிறது. நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று ஊரில் ஒரு பழைய வழக்கு உண்டே, இந்த மருந்தில் நெய்யே தொன்னை! உள்ளே இருப்பது நஞ்சை முறிக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். நம் எதிரணி தொன்னைக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறது.

இனி தாத்தாவுக்கு வருகிறேன். பெரியவரைப் பற்றிப் பேசுவதால் மரியாதையாகவே பேசுகிறேன். இந்தியாவில் பாம்பு வகைகள் ஏறத்தாழ 300. அதில் நஞ்சுள்ளவை 60 அளவில்தான். சாரை கடித்தாலும் தண்ணீர்ப்பாம்பு கடித்தாலும் ரத்தம் வரும், பயம் வரும், சாவு வராது. நஞ்சுள்ள பாம்பே கடித்தாலும், பல கடிகளில் விஷம் இறங்குவதில்லை. வெறுங்கடி. அந்த மனிதருக்கு நெய் கொடுத்தாலும் பிழைப்பார், மோர் கொடுத்தாலும் பிழைப்பார், ஒன்றும் கொடுக்காமல் தூங்க வைத்தாலும் காலையில் எழுந்து காபி கேட்பார். பிழைத்தவர் வீட்டில் அந்தக் கதை மூன்று தலைமுறைக்கு ஓடுகிறது. நெய் குடித்தும் பிழைக்காதவரின் பேத்தி இந்த மேடைக்கு வந்து பேசுவதில்லை, நடுவர் அவர்களே.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தார்.

விஷம் இறங்கிய கடியில் என்ன நடக்கிறது? கட்டுவிரியனின் நஞ்சு நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பூட்டுகிறது. கண்ணிமை சரிகிறது, விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நிற்கிறது. கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுத்து, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது. இதெல்லாம் ரத்தத்தில் ஓடும் புரதங்களின் வேலை. வாய் வழியாகப் போன நெய் வயிற்றில் இருக்கிறது. அது கரைந்து, செரித்து, கொழுப்பாக உடம்பில் சேரும்போது அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் கை எதுவும் அதற்கு இல்லை. விழுங்க முடியாத தொண்டையில் நெய்யை ஊற்றினால் அது போகும் இடம் நுரையீரல். உயிர் காக்கப் புகட்டிய நெய்யே மூச்சை அடைக்கும்.

அந்தக் கை உள்ள மருந்து ஒன்று இருக்கிறது. 1890-களில் பிரான்சின் ஆல்பர்ட் கால்மெட் தொடங்கி வைத்த வழி. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே ஊசி. குறை இல்லாத மருந்து என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒவ்வாமை வரும்; அந்த நான்கைத் தாண்டிய பாம்புக்கு அதை நம்ப முடியாது. ஆனாலும் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்து, உறையாவிட்டால் ஊசியைத் தொடங்குகிறார்களே, அப்படி ஒரு சோதனையை எதிரணியின் நெய் என்றைக்காவது எழுதியிருக்கிறதா?

அந்த ஊசிக்கான விஷத்தைக் கொடுப்பது யார் தெரியுமா? நம் இருளர் பழங்குடியினர். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம். தடம் பார்த்தே பாம்பைச் சொல்லும் மனிதர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பச்சிலை அறிவும் அவர்களிடம் தலைமுறையாக உண்டு. அப்படிப்பட்டவர்கள் பிடித்துக் கறக்கும் விஷம்தான் ஊசி தயாரிக்கப் போகிறது. மரபறிவுக்கு மரியாதை என்று எதிரணி ரொம்ப நேரம் பேசினார்கள். என் கண்ணுக்கு அந்த மரியாதை வடநெம்மேலியில்தான் தெரிகிறது.

கொக்கிக்கு வருவோம். கொழுப்பு ஏற்றுகிறார்கள் என்பது உண்மை. மரத்துப்போகச் செய்யும் சில ஊசி மருந்துகள் அளவு மீறி ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தும்போது, கொழுப்புக் குழம்பை ரத்தக் குழாய் வழியே ஏற்றுவார்கள். கய் வெயின்பெர்க் என்ற மயக்க மருத்துவர் 1998-இல் எலிகளில் இதைக் காட்டினார். 2006-இல் மனிதரைக் காப்பாற்றிய முதல் செய்தி வந்தது. ஆனால் அது சோயா எண்ணெயில் கிருமி நீக்கிச் செய்த குழம்பு, போவது ரத்தக் குழாயில், எதிர்ப்பது கொழுப்பில் கரையும் மருந்தை. நம் நெய்க்கும் அதற்கும் உள்ள உறவு, விமானத்துக்கும் தட்டானுக்கும் உள்ள உறவு. வேண்டுமானால் நானே இன்னொன்று எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த டைமெர்காப்ரால் என்ற மருந்து ஆர்சனிக் நஞ்சை முறிக்கும். அதை எதில் கலந்து ஊசி போடுகிறார்கள்? கடலை எண்ணெயில்! அதற்காகக் கடலை எண்ணெய் விஷமுறிவு என்று யாராவது சொன்னார்களா? அங்கேயும் எண்ணெய் தொன்னைதான்.

இத்தனையும்கூடப் போகட்டும். நெய் பலிக்காவிட்டால் நஷ்டம் என்ன, கொடுத்துப் பார்க்கலாமே என்று கீழே உட்கார்ந்து ஒருவர் சொல்வது என் காதில் விழுந்தது. ஐயா, நஷ்டம் இருக்கிறது. எலியைக் கொல்லும் விஷப் பசையில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் கொழுப்பில் கரைவது. விவரம் தெரியாத குழந்தை அதை வாயில் வைத்துவிட்டதென்று பதறி நெய்யோ பாலோ கொடுத்தால், அது உடம்பில் ஏறுவதை நாமே வேகப்படுத்துகிறோம். முதல் நாள் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். சில நாள் கழித்துக் கல்லீரல் கைவிடும். நெய் கொடுத்தோம், சரியாகிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்? பூச்சிக்கொல்லிகளில் வரும் பாஸ்பரஸ் சேர்மங்கள் 1930-களில்தான் ஜெர்மனியில் பிறந்தன. அதற்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. சரகர் பார்த்தே இராத விஷத்துக்குச் சரகரின் பெயரில் மருந்து கொடுப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

முதல் மணி அடித்துவிட்டது. ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். எங்கள் அணியின் ‘ஏட்டில் இருக்கட்டும்’ என்பதற்குக் கிழித்துப் போடுங்கள் என்று பொருள் கிடையாது. உடம்பில் தங்கி நாள்பட்டு உபத்திரவம் செய்யும் நஞ்சை தூஷீ விஷம் என்று தனியாகவே பிரித்தார்கள். அதற்குப் பேதி, வாந்தி சிகிச்சைக்கு முன் நெய் குடிக்கச் செய்து உடம்பைப் பதப்படுத்துவார்கள். அவசரமில்லாத அந்த இடத்தில், படித்த ஆயுர்வேத மருத்துவர் மேற்பார்வையில், சரியாக ஆய்வு செய்து பார்க்கட்டும். பலன் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த பட்டிமன்றத்தில் நான் எதிரணியில் உட்காரத் தயார். ஆனால் பாம்பு கடித்த அன்று, கடித்த காலை அசைக்காமல் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். அம்மையாரே, உங்கள் தாத்தா இன்றைக்கு இருந்து, இன்றைக்கு அந்தக் கடி பட்டிருந்தால், நீங்கள் முதலில் அடுக்களைக்குப் போவீர்களா, அலைபேசியை எடுப்பீர்களா? பதிலை உங்கள் அணியின் அடுத்த பேச்சாளரிடம் சொல்லி அனுப்புங்கள், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.