நான்காவது வேகத்தில் மட்டும் ஓடும் ஹீட்டர் விசிறி: ரெசிஸ்டர் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம். சேலத்துக்காரனுக்குக் காரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. மலையடிவாரத்துக் கோரிமேட்டில் வியர்வையோடு கிளம்பியவர்கள் மேலே போய்ச் சேரும்போது காற்று எட்டு டிகிரி குளிர்ந்திருக்கும். முன்கண்ணாடியும் குளிர்ந்திருக்கும். வண்டிக்குள் நான்கு பேர் மூச்சு விடுகிறார்கள். வெளியே பனிமூட்டம், உள்ளே மூச்சுமூட்டம். எதிரே பஸ் வரும் வளைவில் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டுவதைத் திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இது இருபது வயதைத் தாண்டிய சிறிய பெட்ரோல் கார். கோளாறு இதுதான். ஸ்விட்சை ஒன்றில் வைக்கிறேன், காற்று இல்லை. இரண்டு, மூன்று, அப்போதும் இல்லை. நான்கில் வைத்தால்... கேட்கிறதா? ஓடுகிறது, கூடவே ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்பை மறந்துவிடாதீர்கள். இன்றைய கதையே அதில்தான் இருக்கிறது.

நான்கில் ஓடுகிறது என்றால் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. முதல் மூன்று வேகங்களில் மின்சாரம் ரெசிஸ்டர் என்ற கம்பிச்சுருள்கள் வழியாகச் சுற்றிப் போகிறது. நான்காவதில் அவற்றைத் தொடாமல் நேராகப் போகிறது. அதனால் கீழ் வேகங்கள் எல்லாம் போய், மேல் வேகம் மட்டும் மிஞ்சினால் முதல் சந்தேகம் ரெசிஸ்டர் மேல்தான் விழ வேண்டும். எந்த மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வார், சரியாகத்தான் சொல்வார். கடைக்குப் போவோம், புதியது வாங்கி மாட்டுவோம், எல்லா வேகமும் வரும். சில மாதங்களில் மறுபடியும் நான்கு மட்டும். அப்போது பொருளைத்தான் குறை சொல்வோம்.

ரெசிஸ்டர் ஏன் எரிகிறது? ஒரு சின்னக் கணக்கு. சுருளின் தடை ஒன்றரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 4 ஆம்பியர் இழுத்தால் சுருளில் 24 வாட் வெப்பம். மோட்டார் இறுகிப் போய் 6 ஆம்பியர் இழுத்தால் 54 வாட். மின்னோட்டம் ஒன்றரை மடங்குதான் கூடியது, வெப்பமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அந்தச் சுருள் குளிர்வதும் இதே விசிறியின் காற்றில்தான், அதற்காகவே அதைக் காற்றுப் பாதைக்குள் வைத்திருக்கிறார்கள். இறுகிய மோட்டார் மெதுவாகச் சுற்றும், காற்றும் குறையும். இரண்டு பக்கமும் அடி. ரெசிஸ்டர் செத்துப்போனது உண்மை, ஆனால் அதைக் கொன்றது மோட்டார்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டேன். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் மஞ்சள் கனெக்டர்கள் பக்கம் கை வைக்க வேண்டாம். கேமராவை இடதுபக்க இருக்கைக்குக் கீழே இறக்குகிறேன். க்ளோவ் பாக்ஸ் வெளியே வந்தாயிற்று. இதுதான் ரெசிஸ்டர், இரண்டு ஸ்க்ரூ. கனெக்டரைப் பாருங்கள், வெள்ளையாக இருக்க வேண்டியது ஓரத்தில் கருகிய அப்பளம் போல இருக்கிறது. இதை அப்படியே புது ரெசிஸ்டரில் செருகினால் புதியதும் சூடாகும். பின்னை மாற்ற வேண்டும், அல்லது கனெக்டரையே வயரோடு மாற்ற வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றுவதை நான் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை.

இனி மோட்டார். இதற்குக் கீழிருந்து மூன்று ஸ்க்ரூ. கழற்றும் முன் எந்த வயர் எங்கே என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், சத்தம் வரும், காற்று மட்டும் பெயருக்கு வரும். இதோ இறங்குகிறது... அடடா. இது முழுக்கச் சில்வர் ஓக் இலை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருப்பார்களே, அந்த மரம். பெரணி போல நறுக்கு நறுக்கான இலை. வைப்பருக்குக் கீழே உள்ள கிரில் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இந்தக் காலத்து வண்டிகளில் கேபின் ஃபில்டர் தடுத்துவிடும். இதில் ஃபில்டரே கிடையாது. ஈர இலை விசிறியில் ஒரு பக்கமாக ஒட்டினால் சமநிலை கெடும், அதிரும், மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேயும்.

இலையை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. விசிறி இதழில் சின்னதாக ஒரு உலோகக் கிளிப் இருக்கிறது, தெரிகிறதா? குப்பை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சமநிலைக்காகத் தொழிற்சாலையில் வைத்த எடை அது.

கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். இது சட்டென்று நிற்கிறது. புஷ் காய்ந்துவிட்டது. துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்தால் இன்றைக்குச் சுற்றும், அது ஆவியானதும் மறுபடி இறுகும். தையல் மிஷின் எண்ணெய் போதும், புஷ் ஓரத்தில் இரண்டு சொட்டு. தண்டோடு சேர்ந்து சுற்றும் செம்புத் துண்டு வளையம்தான் கம்யூட்டேட்டர், அதன் மேல் ஒரு துளி கூடப் படக்கூடாது. அதன் கருமையை மெல்லிய உப்புத்தாளால் லேசாக எடுத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள தூசியைத் துடைக்கிறேன். அதை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷில் இன்னும் பாதிக்கு மேல் உயரம் இருக்கிறது. ஸ்பிரிங் தாராளமாகத் தள்ளுகிறது. புஷ் தேய்ந்து தண்டு பக்கவாட்டில் ஆடினால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், வேறு மோட்டார் போடுங்கள்.

மோட்டாரை மாட்டி, நெகட்டிவைக் கொடுத்து, மின்னோட்டத்தை அளக்கிறேன். இதற்கு டிசி கிளாம்ப் மீட்டர் வேண்டும், வயரைச் சுற்றிக் கவ்வி நேர்மின்னோட்டத்தை அளப்பது. விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல வீட்டு மின்சாரம் போன்ற மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் நான்காவது வேகத்தில் 13 ஆம்பியர் காட்டியது. இப்போது 9. கரகரப்பும் இல்லை. அடுத்து எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை. வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை மோட்டாரின் எர்த் வயரில், விசிறி ஓட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இங்கே ஒன்றுமில்லை, நல்லது.

இப்போதுதான் புது ரெசிஸ்டர். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் வருகிறது. ஃப்யூஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று: மஞ்சள் 20 ஆம்பியர், பச்சை 30. மஞ்சள் எரிகிறதே என்று பச்சை போட்டால், அடுத்து எரியப்போவது வயர்.

காற்று வருகிறது, சூடு வரவில்லை என்றால் அது வேறு வேலை. சமவெளியில் ஓட்டும் வண்டிகளில் ஹீட்டர் கோர், அதாவது எஞ்சினின் சூடான தண்ணீர் ஓடும் சிறு ரேடியேட்டர், ஒழுகியதும் அதன் இரண்டு குழாய்களையும் ஒன்றாக இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. பழைய கார் வாங்கியவர்கள் பானெட்டைத் திறந்து அதைப் பாருங்கள். மலை ஏறும்போது எஞ்சின் வெப்பமானி முள் மேலே போனால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து விசிறியை நான்கில் போடலாம். அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். குழாயை இணைத்த வண்டியில் அந்த உதவி கிடையாது.

கண்ணாடி மூட்டத்துக்கு: காற்று கண்ணாடிப் பக்கம், நெம்புகோல் சூட்டில், வெளிக்காற்று திறந்திருக்க வேண்டும். உள்காற்றையே சுழற்றினால் உங்கள் மூச்சின் ஈரம்தான் மறுபடி கண்ணாடிக்குப் போகும். ஏசி இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள், ஈரத்தை அது வடித்துவிடும்.

கிரில்லுக்கு அடியில் கொசுவலைக் கம்பியை அளவாக வெட்டி வைக்கப் போகிறேன். அதுவும் இலையால் அடைபடும், அவ்வப்போது துடைக்க வேண்டும். ஆனால் அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. கத்தரிக்கோலை எடுத்து வருகிறேன், அதுவரை கேமராவை அணைக்கிறேன்.